ஒலேனா பித்ருஷ்னா: ஒரு நாள் வெற்றியாளரா, நான்காம் கட்டத்தின் நாயகியா?

பனிவாசன் எழுதியது:

குளிர்கால விளையாட்டுகளைப் பற்றி நாம் இங்கே எத்தனையோ பேசியிருக்கிறோம்; ஆனால் உக்ரைன் நாட்டு பயத்லான் (பனிச்சறுக்கில் ஓடி, நடுவே துப்பாக்கி சுடும் போட்டி) வீராங்கனை ஒலேனா பித்ருஷ்னாவுக்கென்று ஓர் இழைகூட இல்லை. போன வாரம் வேறோர் இழையில் ஒரு நண்பர், "அவர் ஒரே ஒரு நாள் நன்றாக ஓடி உலக வாகையர் ஆனவர், அவ்வளவுதான்" என்று போகிற போக்கில் எழுதிவிட்டுச் சென்றார். அந்த ஒரு வரிக்கு மறுமொழி எழுதத்தான் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

முதலில் அந்த "ஒரு நாள்" எப்படிப்பட்டது என்று பார்ப்போம். 2013 பிப்ரவரி 9 அன்று செக் நாட்டின் நோவே மெஸ்தோவில் நடந்த உலக வாகையர் போட்டியில், மகளிர் 7.5 கிலோமீட்டர் ஸ்பிரிண்டில் (ஒருவர்பின் ஒருவராகப் புறப்படும் குறும்பந்தயம்) பித்ருஷ்னா தங்கம் வென்றார். வெள்ளி நார்வேயின் டோரா பெர்கருக்கு, வெண்கலம் உக்ரைனின் வீட்டா செமரென்கோவுக்கு. பெர்கர் அந்தப் போட்டித் தொடரில் ஆறு பந்தயங்களில் ஓடி ஆறிலும் பதக்கம் பெற்றார். நான்கு தங்கம், இரண்டு வெள்ளி. அவரிடமிருந்து நழுவிய இரண்டு தங்கங்களில் ஒன்று அனைவரும் ஒன்றாகப் புறப்படும் கூட்டுத் தொடக்கப் போட்டியில் பெலாரூசின் தார்யா தொம்ராச்சேவாவுக்குப் போனது, மற்றொன்று பித்ருஷ்னாவுக்கு. யாரும் வெல்ல முடியாத நிலையில் இருந்த ஒருவரை அன்று அவர் வென்றார் என்பதைச் சேர்த்துச் சொல்லாமல் "ஒரு நாள்" என்று மட்டும் சொல்வது நியாயமன்று. மறுநாள், ஸ்பிரிண்டின் நேர இடைவெளியோடு புறப்படும் துரத்தல் போட்டியில் வெண்கலம், அதே வாரத்தில் ரிலேயில் வெள்ளி என்று மூன்று நிறங்களிலும் பதக்கங்களோடு அவர் ஊர் திரும்பினார்.

இருந்தாலும் என் வாதம் அந்த ஸ்பிரிண்டைச் சார்ந்தது அன்று. பித்ருஷ்னாவின் உண்மையான இடம், நால்வர் அடுத்தடுத்து ஓடும் மகளிர் ரிலேயின் நான்காம், அதாவது கடைசிக் கட்டம் என்பதே என் எண்ணம். 2013 நோவே மெஸ்தோவில் வெள்ளி, 2014 சோச்சி ஒலிம்பிக்கில் தங்கம், 2017 ஹோக்ஃபில்சனில் வெள்ளி, 2020 அந்தோல்சில் வெண்கலம், 2021 பொக்ளூகாவில் மீண்டும் வெண்கலம். உடன் ஓடியவர்கள் மாறிக்கொண்டே இருந்த இந்த ஒன்பது பருவங்களில், பதக்கம் வென்ற ஐந்து அணிகளிலும் இருந்த பெயர்கள் இரண்டே இரண்டு: பித்ருஷ்னா, யூலியா ஜிமா. சோச்சிக்கு அடுத்த பருவம் பித்ருஷ்னா களத்தில் இல்லை. 2015 கொந்தியோலாஹ்தி உலக வாகையர் போட்டியை அவர் தவறவிட்டார். அந்த இடைவெளிக்குப் பின்னும் அணி அவரிடமே கடைசிக் கட்டத்தைக் கொடுத்தது.

இதை மறுப்பவர்கள் தாராளமாக மறுக்கலாம். பதக்கப் பட்டியலை ஒட்டிவிட்டுப் போகாமல் காரணத்தோடு மறுத்தால் மகிழ்வேன்.

செங்கோடன் எழுதியது:

அந்த வரியை எழுதிய நண்பன் நான்தான். ஒளிந்துகொள்ள ஒன்றுமில்லை.

உக்ரைன் பயத்லானின் அளவுகோல் பித்ருஷ்னா அல்லர், ஒலேனா ஜுப்ரிலோவா. சூமி மாகாணத்தின் ஷோஸ்த்கா நகரில் பிறந்தவர். 1999-ஆம் ஆண்டு உலக வாகையர் போட்டி பின்லாந்தின் கொந்தியோலாஹ்தியில் தொடங்கி, கடுங்குளிர் காரணமாகச் சில பந்தயங்கள் ஓஸ்லோவுக்கு மாற்றப்பட்ட அந்த விசித்திரமான ஆண்டில், துரத்தல், தனிநபர் (15 கிலோமீட்டர்), கூட்டுத் தொடக்கம் ஆகிய மூன்றிலும் தங்கம் வென்றவர் அவர். ஒரே தொடரில் மூன்று தனித் தங்கங்கள். சுவீடனின் மக்தலேனா ஃபோர்ஸ்பெரி உச்சத்தில் இருந்த காலம் அது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். பனிவாசன் டோரா பெர்கரைச் சொல்லி எடை கூட்டுகிறார் என்றால், நான் ஃபோர்ஸ்பெரியைச் சொல்லி எடை கூட்டுவேன்.

ஜுப்ரிலோவா 2002-இல் பெலாரூஸ் அணிக்குச் சென்றுவிட்டார் என்பதால் உக்ரைனியர்கள் அவரை அதிகம் கொண்டாடுவதில்லை. அது ரசிகர்களின் மனவருத்தம். அதை நாம் தகுதியை எடைபோடும் தராசில் வைக்கக் கூடாது.

ரிலே பற்றி ஒன்று. நான்கு பேர் ஓடுகிற பந்தயத்தின் பதக்கத்தை ஒருவர் கணக்கில் எழுதுவது எப்படிச் சரியாகும்? சோச்சியில் அவருக்கு முன் ஓடியவர்கள் வீட்டா செமரென்கோ, யூலியா ஜிமா, வால்யா செமரென்கோ. வீட்டா அதே ஒலிம்பிக்கில் ஸ்பிரிண்ட் வெண்கலம் வென்றவர். வால்யா மறுஆண்டே கொந்தியோலாஹ்தியில் கூட்டுத் தொடக்கப் போட்டியின் உலக வாகையர் ஆனவர். இப்படி மூவர் முன்னால் ஓடிவிட்டு வந்து கையைத் தொட்டால், கடைசியாகப் போகிறவர் பாக்கியசாலி என்றுதான் நான் சொல்வேன். சட்டியில் இருந்ததுதான் அகப்பையில் வந்தது.

யாழினி எழுதியது:

இருவரும் மன்னிக்க வேண்டும். எனக்கு இந்த விளையாட்டு புதிது. பனிச்சறுக்கில் ஓடி, நடுவில் துப்பாக்கி சுடுவார்கள் என்ற அளவுக்குத்தான் தெரியும். ரிலேயில் நான்காவதாக ஓடுவதற்கும் முதலாவதாக ஓடுவதற்கும் தூரம் ஒன்றுதானே? பிறகு ஏன் அதற்கு இத்தனை மதிப்பு என்று யாராவது சொன்னால்தான் இந்த வாதத்தில் எந்தப் பக்கம் நிற்பது என்று எனக்குப் புரியும்.

பனிவாசன் எழுதியது:

யாழினி, நல்ல கேள்வி. செங்கோடன் ஐயாவுக்கான மறுமொழியும் இதற்குள்ளேயே வந்துவிடும்.

மகளிர் ரிலேயில் ஒவ்வொருவரும் 6 கிலோமீட்டர் ஓட வேண்டும். 2 கிலோமீட்டர் சுற்றாக மூன்று சுற்று. முதல் சுற்று முடிந்ததும் படுத்த நிலையில் ஐந்து இலக்குகள், இரண்டாவது முடிந்ததும் நின்ற நிலையில் ஐந்து இலக்குகள். தூரம் 50 மீட்டர். படுத்துச் சுடும்போது இலக்கின் விட்டம் 45 மில்லிமீட்டர், ஏறத்தாழ ஓர் எலுமிச்சம்பழம். நின்று சுடும்போது 115 மில்லிமீட்டர், ஒரு தேங்காய் மூடி என்று வைத்துக்கொள்ளுங்கள். குறைந்தது 3.5 கிலோ எடையுள்ள துப்பாக்கியை முதுகில் சுமந்து மேட்டில் ஏறி வந்து, மூச்சு இரைக்க இரைக்க நிற்பவருக்கு அந்தத் தேங்காய் மூடி நிலையாகத் தெரியாது. இதயம் துடிக்கும் ஒவ்வொரு முறையும் துப்பாக்கியின் முனை ஏறி இறங்கும்.

ரிலேக்கு மட்டும் ஒரு சலுகை உண்டு. ஐந்து தோட்டாக்களில் ஏதேனும் தவறினால், மூன்று உபரித் தோட்டாக்கள் கையில் இருக்கும். ஆனால் அவை தோட்டாக் கூட்டில் இருக்காது. ஒவ்வொன்றாக விரலால் எடுத்துத் துப்பாக்கியின் அறைக்குள் இட வேண்டும். 5.6 மில்லிமீட்டர் தடிமனும் ஓரங்குல நீளமும் கொண்ட அந்தச் சின்னஞ்சிறு பித்தளைக் குழலை, ஊன்றுகோலின் வார் சுற்றிய கையால், குளிரில் மரத்த விரல்களால், பக்கத்துத் தடத்தில் எதிராளி சுட்டுவிட்டுக் கிளம்பும் ஓசை காதில் விழுந்துகொண்டிருக்கும்போது இட வேண்டும். சில நேரம் அது நழுவிப் பனியில் விழும். ஓர் உபரித் தோட்டாவுக்குச் சுமார் எட்டு, பத்து விநாடி போகும். மூன்றையும் செலவழித்த பிறகும் இலக்கு மிச்சமிருந்தால், ஒவ்வொன்றுக்கும் 150 மீட்டர் தண்டனைச் சுற்று. இருபத்து சொச்சம் விநாடி அதிலே போய்விடும்.

இந்தத் தூரமும் இந்த விதிகளும் நால்வருக்கும் பொதுவானவைதான். முதலில் ஓடுபவர் தவறினால், சரிசெய்ய மூவர் மீதி இருக்கிறார்கள். நான்காமவர் தவறினால் எவரும் இல்லை. அவர் நின்ற நிலையில் சுட வரும்போது, அந்தப் பந்தயத்தில் அவருடைய அணிக்கு மீதமிருப்பது அவருடைய ஐந்து இலக்குகளும் 2 கிலோமீட்டரும்தான். அதுவும் மற்ற நாடுகள் தங்கள் மிக வலிய ஆளைத்தான் பெரும்பாலும் அங்கே நிறுத்தும். சோச்சியில் நார்வேக்காகக் கடைசியில் ஓடியவர் டோரா பெர்கர். ரஷ்யாவுக்காக ஓல்கா விலூகினா, ஸ்பிரிண்டில் வெள்ளி வென்றவர். 2017 ஹோக்ஃபில்சனில் ஜெர்மனியின் கடைசி ஆள் லவுரா டால்மையர். அந்தத் தொடரில் மட்டும் ஐந்து தங்கம் பெற்றவர்.

இப்போது சோச்சியின் கணக்கைப் பாருங்கள். உக்ரைன் எடுத்துக்கொண்ட நேரம் 1 மணி 10 நிமிடம் 2.5 விநாடி. இரண்டாவதாக வந்த ரஷ்யா 26.4 விநாடி பின்னால், நார்வே 37.6 விநாடி பின்னால். அதாவது 24 கிலோமீட்டர் ஓடி, நாற்பது இலக்குகள் வீழ்த்திய பிறகு, முதலிடத்துக்கும் இரண்டாமிடத்துக்கும் இருந்த இடைவெளி ஏறத்தாழ ஒரே ஒரு தண்டனைச் சுற்றின் விலை. செங்கோடன் ஐயா சொன்ன சட்டியில் அன்று இருந்தது அவ்வளவுதான். அகப்பை கொஞ்சம் சாய்ந்திருந்தாலும் கொட்டியிருக்கும்.

நெய்தல்நாடன் எழுதியது:

ஒரு சிறு குறுக்கீடு. 2019-இல் ஒஸ்டர்சுண்டில் துரத்தல் போட்டியில் தங்கம் வென்றதும் இவர்தானே? அதையும் சேர்த்தால் இரண்டு தனித் தங்கங்கள் ஆகின்றன. பிறகு "ஒரு நாள்" என்ற பேச்சுக்கே இடமில்லையே?

செங்கோடன் எழுதியது:

இல்லை நண்பரே, அது திமித்ரோ பித்ருச்னி. ஆண் வீரர். யோகன்னஸ் தின்னெஸ் பூவை இரண்டாமிடத்துக்குத் தள்ளி அந்தத் துரத்தலை வென்ற அவர்தான் பயத்லானில் உலக வாகையரான முதல் உக்ரைன் ஆடவர். இருவரும் தெர்னோபில் வட்டாரத்தோடு தொடர்புடையவர்கள், இருவருக்கும் உலகத் தங்கம் ஒன்று, இருவருடைய பெயரும் நம் எழுத்தில் ஏறக்குறைய ஒன்றாகவே விழுகிறது. அந்தக் குழப்பம் எனக்கும் முன்பு இருந்ததுண்டு. பித்ருஷ்னா பிறந்தது போலந்தின் லெக்னித்சாவில், 1987 ஜனவரி 9-ஆம் நாள். அப்போது அந்த ஊரில் சோவியத் படை நிலைகொண்டிருந்தது.

பனிவாசனுக்கு: கணக்கு நன்றாக இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் முடிவுக் கோட்டில் இருந்த இடைவெளியை வைத்துக்கொண்டு, கடைசிச் சுடுதளத்தில் இருந்த நெருக்கடியை அளப்பதில் ஒரு தந்திரம் இருக்கிறது. வெற்றி உறுதியான பின் கடைசி நூறு மீட்டரில் யாரும் உயிரைக் கொடுத்து ஓடுவதில்லை. அன்றைய போட்டியின் கடுமையும் முதல் கட்டத்திலேயே சற்றுக் குறைந்துவிட்டது. ஜெர்மனியின் ஃபிரான்சிஸ்கா பிராய்ஸ் தொடக்கத்திலேயே விழுந்து ஊன்றுகோலை முறித்துக்கொண்டார். அந்த அணி 11-ஆம் இடத்தில் முடித்தது. வழக்கமாகப் பதக்கம் வெல்லும் ஓர் அணி இல்லாத பந்தயம் அது.

பனிவாசன் எழுதியது:

தந்திரம் என்று சொன்னதை ஏற்கிறேன். அந்த ஒப்பீட்டில் சற்று மிகை இருக்கிறது. ஆனால் ஜெர்மனி விழுந்தது பித்ருஷ்னாவின் குற்றமா? ஒவ்வொரு ரிலேயிலும் யாராவது விழுகிறார்கள். 1994-இல் லில்லெஹாம்மரில் கனடாவின் மிரியம் பேதார் ஒன்றுக்கொன்று பொருந்தாத சறுக்குகளை மாட்டிக்கொண்டு ஓடியும் தங்கம் வென்றார். அதற்காக அந்தப் பந்தயத்தை யாரும் குறைத்துப் பேசுவதில்லையே.

அந்த 1994 ஸ்பிரிண்டைச் சொன்னதற்குக் காரணம் உண்டு. உக்ரைன் தனி நாடாகக் கலந்துகொண்ட முதல் குளிர்கால ஒலிம்பிக் அது. வெண்கலம் வென்றவர் உக்ரைனின் வாலென்தினா செர்பே. பேதாருக்கும் அவருக்கும் இடைவெளி 1.2 விநாடி, வெள்ளி வென்ற பெலாரூசின் ஸ்வெத்லானா பராமிகினாவுக்கும் அவருக்கும் 0.1 விநாடி. அங்கே தொடங்கிய வரிசை இது. 1998 நகானோவில் 15 கிலோமீட்டரில் ஒலேனா பெத்ரோவாவுக்கு வெள்ளி, 2006 டூரினில் ஸ்பிரிண்டில் லிலியா எஃப்ரேமோவாவுக்கு வெண்கலம், 2014-இல் வீட்டாவின் வெண்கலம், பிறகு ரிலே தங்கம். 1994 முதல் 2022 வரை உக்ரைன் வென்ற குளிர்கால ஒலிம்பிக் பதக்கங்கள் ஒன்பது. அவற்றில் ஐந்து பயத்லானில் வந்தவை, ஐந்தும் பெண்கள் வென்றவை. அந்த ஐந்தில் தங்கம் ஒன்றே ஒன்று.

ஜுப்ரிலோவா இந்த வரிசையில் இல்லை என்பதைக் கவனியுங்கள், செங்கோடன் ஐயா. அவரைத் தாழ்த்துவதற்காக இதைச் சொல்லவில்லை. 1999-இல் அவர் செய்ததை உக்ரைனியர் வேறு எவரும் செய்ததில்லை என்பதில் எனக்கு ஐயமில்லை. ஒலிம்பிக் மேடை அவருக்கு வாய்க்கவில்லை. பித்ருஷ்னாவுக்கு வாய்த்த அந்த ஒரு மாலையில் அவர் தவறவில்லை.

அகிலா எழுதியது:

நான் பல ஆண்டுகளாக ம்யூனிக் பக்கம் வசிக்கிறேன். 2017 பிப்ரவரியில் ஹோக்ஃபில்சன் மகளிர் ரிலேயை நேரில் பார்த்தேன் என்பதால் இரண்டு வார்த்தை சொல்லத் தோன்றுகிறது.

தொலைக்காட்சியில் பார்ப்பவர்களுக்குத் தெரியாத ஒன்று, சுடுதளத்தின் மௌனம். பல்லாயிரம் பேர் இருக்கிறார்கள், மாட்டு மணிகளை ஆட்டுகிறார்கள், ஒவ்வொரு இலக்கு வீழும்போதும் கூட்டம் முழுதும் ஒரே குரலில் கத்துகிறது. கறுப்பு வட்டம் வெள்ளையாகிறது, ஒரு கூச்சல். அடுத்தது வெள்ளையாகிறது, இன்னொரு கூச்சல். ஒரு தோட்டா தவறினால் அந்தக் கூச்சல் வர வேண்டிய இடத்தில் ஒரு பள்ளம் விழுகிறது. தளத்தில் நிற்பவர் தன் இலக்கைப் பார்த்துத் தெரிந்துகொள்வதற்கு முன்பே, எதிராளியின் கதி என்னவென்று கூட்டத்தின் குரல் அவருக்குச் சொல்லிவிடும். கடைசிக் கட்டத்தில் ஓடுபவருக்கு இது எவ்வளவு பெரிய இடையூறு என்பதை அன்றுதான் உணர்ந்தேன். நீங்கள் சுட ஆயத்தமாகும்போது பக்கத்துத் தடத்தில் டால்மையருக்காக ஜெர்மன் கூட்டம் ஐந்து முறை கத்துகிறது என்றால், உங்கள் விரல் உங்கள் பேச்சைக் கேட்க வேண்டும்.

நான் நின்ற இடத்துக்கு அருகே நீலமும் மஞ்சளுமாய்க் கொடி பிடித்த ஒரு சிறு குழு இருந்தது. பத்துப் பேர்கூட இருக்க மாட்டார்கள். ஜெர்மனியும் ஆஸ்திரியாவும் நார்வேயும் பேருந்து பேருந்தாக ஆட்களைக் கொண்டுவந்து இறக்கும் இடத்தில், அந்தப் பத்துப் பேரின் குரல் எங்கும் எடுபடவில்லை. இரினா வர்வினெத்ஸ், யூலியா ஜிமா, அனஸ்தாசியா மெர்குஷினா ஆகிய மூவரும் தங்கள் வேலையை முடித்துவிட்டுப் போர்வை போர்த்துக்கொண்டு முடிவுக் கோட்டுக்கு அப்பால் நின்றார்கள். பித்ருஷ்னா கோட்டைக் கடந்ததும் பனியிலேயே சாய்ந்தார், மூவரும் அவர்மேல் விழுந்தார்கள். யாருடைய கால் யாருடைய சறுக்கு என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. சோச்சி அணியிலிருந்து அன்று எஞ்சியிருந்தவர்கள் அவரும் ஜிமாவும் மட்டுமே.

செங்கோடன் ஐயாவின் கேள்வி சரியானது: நால்வரின் பதக்கத்தை ஒருவர் கணக்கில் எழுத முடியாது. ஆனால் மூவர் மாறி மாறி வரும் அணியில் கடைசி இடத்தை ஒருவரிடமே பயிற்சியாளர்கள் விட்டுவைத்தார்கள் என்றால், அந்த நம்பிக்கையை அவர் கணக்கில் எழுதலாம்.

செங்கோடன் எழுதியது:

அகிலா அவர்கள் சொன்ன கடைசி வரியை மறுக்க எனக்கு வழி தெரியவில்லை. இருக்கட்டும்.

சோச்சி என்று பேசும்போது இங்கே யாரும் இன்னும் தொடாத ஒன்றை நானே தொடுகிறேன். அந்தப் பந்தயம் நடந்தது 2014 பிப்ரவரி 21, மாலை. நம் நேரப்படி இரவு எட்டு மணி. அதற்கு முந்தைய நாள்தான் அரசுக்கு எதிரான போராட்டம் நடந்துகொண்டிருந்த கீயெவ் நகரின் மைதான் சதுக்கத்தில் துப்பாக்கிச் சூட்டில் பல பத்துப் பேர் இறந்தார்கள். அந்தப் போராட்டத்தின் மிகக் கொடிய நாள் அதுவே. பனிச்சறுக்கு வீராங்கனை பொக்தானா மத்சோத்ஸ்கா தன் அடுத்த பந்தயத்தில் ஓட மறுத்து விலகினார். பந்தய நாளன்று அதிபர் யானுகோவிச்சும் எதிர்க்கட்சிகளும் உடன்பாட்டில் கையெழுத்திட்டார்கள். அன்றிரவே அவர் கீயெவை விட்டு வெளியேறினார். பித்ருஷ்னாவின் கணவர் அப்போது எதிர்க்கட்சி ஒன்றின் நாடாளுமன்ற உறுப்பினர். அதனால் அவருக்கு அது தொலைதூரச் செய்தியாக இருந்திருக்க முடியாது.

இறந்தவர்களுக்குத் துக்கம் காட்டக் கையில் கறுப்புப் பட்டை அணிந்து ஓட அனுமதி கேட்டும் கிடைக்கவில்லை என்று உக்ரைன் ஒலிம்பிக் குழு தெரிவித்தது. முறைப்படி எதையும் மறுக்கவில்லை, பேசி வேறு வழிகளைக் கண்டோம் என்று சர்வதேச ஒலிம்பிக் குழு விளக்கம் கொடுத்தது. இதில் எது சரி என்று நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. ஆனால் பட்டையில்லாமல்தான் நால்வரும் ஓடினார்கள். பந்தயத்துக்குப் பிறகு செய்தியாளர் கூட்டத்தில், இறந்தவர்களுக்காக ஒரு நிமிடம் எழுந்து நிற்குமாறு பித்ருஷ்னா கேட்டுக்கொண்டார். ரஷ்ய மண்ணில், ரஷ்ய அணியைத் தோற்கடித்த சற்று நேரத்தில் அது நடந்தது.

இதைச் சொல்வதால் நான் கட்சி மாறிவிட்டேன் என்று பனிவாசன் மகிழ வேண்டாம். விளையாட்டுத் தகுதியை அரசியல் நிகழ்வின் கனத்தால் கூட்டிக் காட்டக் கூடாது என்பதே என் நிலை. அன்று கீயெவில் ஒன்றுமே நடக்காதிருந்தால் இந்தத் தங்கத்தை நாம் இவ்வளவு பேசுவோமா என்று கேட்டுப் பாருங்கள்.

பனிவாசன் எழுதியது:

பேசுவோம். 1994-இல் ஒக்சானா பையுல் உருவச் சறுக்கலில் வென்ற தங்கத்துக்குப் பிறகு இருபது ஆண்டுகள் கழித்து அந்த நாட்டுக்குக் கிடைத்த குளிர்காலத் தங்கம் அது. அந்த நாட்டின் வரலாற்றிலேயே இரண்டாவது. கீயெவ் அமைதியாக இருந்திருந்தாலும் இந்த எண்கள் மாறியிருக்காது. மற்றபடி உங்கள் எச்சரிக்கை சரிதான். அதனாலேயே என் முதல் பதிவில் அந்த நாளின் பின்னணியை எழுதாமல் விட்டேன். இப்போது நீங்களே எழுதியது நன்று. வேறு யாராவது எழுதியிருந்தால் உணர்ச்சிப் பெருக்காகியிருக்கும்.

யாழினி எழுதியது:

இன்னும் ஒரு ஐயம். சோச்சி ரிலேயில் இரண்டாமிடம் ரஷ்யா என்று இங்கே சொல்கிறீர்கள். நான் தேடிய பட்டியலில் நார்வே வெள்ளி, செக் வெண்கலம் என்று இருக்கிறது. எது சரி?

அகிலா எழுதியது:

இரண்டும் சரி. கோட்டைக் கடந்த வரிசை உக்ரைன், ரஷ்யா, நார்வே, செக். பின்னர் ஊக்கமருந்து விசாரணையில் ரஷ்ய அணியின் வெள்ளி பறிக்கப்பட்டது. விளையாட்டு நடுவர் மன்றம் 2020-இல் விலூகினா, ரோமனோவா இருவரின் மேல்முறையீட்டை ஏற்றுக்கொண்டது. ஆனால் அதே அணியின் ஓல்கா சைத்சேவா விதியை மீறினார் என்ற முடிவை உறுதிசெய்ததால், அணியின் முடிவு திரும்பி வரவில்லை. நால்வரில் ஒருவர் தகுதி இழந்தால் நால்வரும் இழப்பர். ரிலேயின் இன்னொரு முகம் இது. விலூகினாவின் ஸ்பிரிண்ட் வெள்ளி மீண்டும் அவருக்கே சென்றதால், வீட்டா செமரென்கோ வெண்கலத்திலேயே நின்றார்.

எதிர்பக்கத்தை மட்டும் சுட்டிவிட்டுப் போவது அழகன்று. உக்ரைன் அணியிலும் இக்கறை உண்டு. 2011 காந்தி-மான்சிஸ்க் உலக வாகையர் போட்டியில் ஒக்சானா குவோஸ்தென்கோவின் மாதிரியில் எஃபெட்ரின் என்ற ஊக்கமருந்து கண்டறியப்பட்டு, அவர் முடிவுகள் நீக்கப்பட்டு ஓராண்டுத் தடை விதிக்கப்பட்டது. 2016-இல் மெல்டோனியம் என்ற தடைசெய்யப்பட்ட மருந்து விவகாரத்தில் ஓல்கா அப்ரமோவா, அர்த்தெம் திஷ்சென்கோ ஆகியோர் பெயரும் வந்தது. ஆனால் நாம் பேசிக்கொண்டிருக்கும் ஐந்து ரிலே பதக்கங்களும் வென்றபோது இருந்த நிறத்திலேயே இன்றும் இருக்கின்றன.

செங்கோடன் எழுதியது:

சரி, என் இறுதி நிலையைச் சொல்லிவிடுகிறேன்.

தனிநபர் பந்தயங்களில் பித்ருஷ்னா ஜுப்ரிலோவாவின் உயரத்தை எட்டவில்லை. இதை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். 2013-க்குப் பிறகு உலக வாகையர் போட்டிகளில் அவருக்குத் தனிப் பதக்கம் எதுவும் வரவில்லை. உலக வாகையர் ரிலேயில் தங்கமும் வாய்க்கவில்லை, இரண்டு வெள்ளி, இரண்டு வெண்கலத்தோடு நின்றுவிட்டார். இவை என் பக்கத்து உண்மைகள். ஆனால் "ஒரே ஒரு நாள்" என்று நான் எழுதியது தவறு. 2013-இல் 26 வயதில் தொடங்கி 2021-இல் 34 வயது வரை பதக்க அணிகளில் இருந்தவரை அப்படி எழுதியிருக்கக் கூடாது. 2018 பியோங்சாங் ஒலிம்பிக் தொடக்க விழாவில் உக்ரைன் கொடியை ஏந்தி நடந்தவர் அவர்தான் என்பதையும் நேற்றுத்தான் மீண்டும் நினைவுபடுத்திக்கொண்டேன். அந்த ஒலிம்பிக்கில் உக்ரைன் பயத்லான் அணிக்குப் பதக்கமே இல்லை. ஆனால் கொடியை யாரிடம் கொடுப்பது என்பதில் அந்த நாட்டுக்குத் தெளிவு இருந்திருக்கிறது.

நெய்தல்நாடன் எழுதியது:

என் குழப்பத்தால் இழை திசைமாறாமல் போனதற்கு நன்றி. பித்ருச்னி பற்றித் தனி இழை தொடங்கலாமா? 2022-இல் போர் தொடங்கியதும் அவர் தெர்னோபிலில் தேசியக் காவல் படையில் இருந்தார் என்று படித்தேன். அதே ஆண்டு மார்ச் முதல் நாள் ஹார்கிவ் அருகே இளையோர் அணியின் முன்னாள் வீரர் யெவ்ஹேன் மலிஷேவ் 19 வயதில் கொல்லப்பட்டார். அவற்றைப் பற்றி எழுத நிறைய இருக்கிறது. ஆனால் இது பித்ருஷ்னாவின் இழை என்பதால் இங்கே நீட்ட விரும்பவில்லை.

பனிவாசன் எழுதியது:

தொடங்குங்கள், நெய்தல்நாடன், தலைப்பில் "ஒஸ்டர்சுண்ட் 2019" என்று சேர்த்துவிடுங்கள், பெயர்க் குழப்பம் தீரும்.

செங்கோடன் ஐயாவுக்கு நன்றி. அவர் விட்டுக்கொடுக்காத பகுதியை நானும் கேட்கவில்லை. முதல் பதிவில் இரண்டு மாற்றங்கள் செய்யப் போகிறேன். "யாரும் வெல்ல முடியாத நிலையில் இருந்த ஒருவரை" என்ற தொடரை எடுத்துவிடுகிறேன்; அதே வாரம் தொம்ராச்சேவாவும் பெர்கரை வென்றிருக்கிறார் என்று நானே அதற்கு முந்தைய வரியில் எழுதியிருக்கும்போது அது நிற்காது. ரிலே பத்தியில் ஒவ்வோர் ஆண்டுக்கும் எதிரே உடன் ஓடிய மூவரின் பெயரையும் சேர்க்கிறேன். யாழினி, முழுப் பந்தயத்தையும் பார்க்க நேரமில்லையென்றால், சோச்சி ரிலேயின் மூன்றாவது கைமாற்றத்திலிருந்து பார்க்கத் தொடங்குங்கள். வால்யா வந்து முதுகைத் தொடும் இடம் அது.